செய்தி போகும் திசை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட வடிவம். பேச்சினிடையே சொன்ன கிளைக்கதைகள் சில சுருக்கப்பட்டுள்ளன.)



இன்றைய தலைப்பை நான் எழுதி அனுப்பியதும் விழாக் குழுவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. “ஐயா, ‘திருச்சபையும் குழந்தைகளும்’ என்று மட்டும் அழைப்பிதழில் போட்டுக்கொள்ளலாமா? ‘பாதுகாப்பு’ என்று சேர்த்தால், ஏன், எதிலிருந்து என்று கேட்பார்கள்” என்றார் அந்த நண்பர். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வீட்டு விஷயத்தை மண்டபத்தில் பேச வேண்டாமே என்ற கூச்சம்தான். நான் பேச வந்திருப்பதும் அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் என்று அவரிடம் சொன்னேன். அழைப்பிதழில் ‘பாதுகாப்பு’ இருக்கிறது, அவருக்கு நன்றி.

நான் ஞாயிறு பூசையைத் தவறவிடாதவன். பத்து வயதில் பீடச்சிறுவன். தூபக்கலசத்தை ஆட்டி ஆட்டி நிலக்கரியைக் கம்பளத்தில் கொட்டி அடி வாங்கியவன். ஆகவே இது பக்கத்து வீட்டைப் பற்றிய பேச்சு அல்ல.

எடுத்துக்காட்டாக அயர்லாந்தை எடுத்துக்கொள்கிறேன். 1842-இல் மதராசுக்குக் கப்பலேறி வந்து பள்ளி தொடங்கிய பிரசன்டேஷன் சபைக் கன்னியர் அயர்லாந்துக்காரர்கள். இந்த அரங்கில் இருக்கும் சிலருடைய அம்மாக்களுக்கும் பாட்டிமார்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர்களின் தாய்வீடு அது. அந்த உறவு ஒரு காரணம். ஒரு நாடு தன் திருச்சபையை நீதிபதிகளை வைத்து, சாட்சிகளையும் கோப்புகளையும் வரவழைத்து விசாரித்து, கண்டதைப் பக்கம் பக்கமாக அச்சிட்டு வெளியிட்டது இன்னொரு காரணம். இவ்வளவு விரிவான ஆவணம் உலகில் ஒரு சில இடங்களில்தான் கிடைக்கிறது.

என் வாதம் ஒன்றே ஒன்று. அயர்லாந்தில் யாருக்கும் தெரியாமல் போனதால் குழந்தைகள் கெடவில்லை. தெரிய வேண்டியவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பிள்ளைகள் சொன்னார்கள், சொன்னது எழுதப்பட்டது, எழுதியது மேலே போனது. மேலேயே தங்கிவிட்டது. குழந்தைப் பாதுகாப்பு என்று இன்று நாம் சொல்வதெல்லாம், இந்தச் செய்தி போகும் திசையை மாற்றும் வேலை.

1. சிறுவன் சொன்னான்

1975. ஓர் அறையில் மூன்று குருக்கள். எதிரே 14 வயதுச் சிறுவன். அப்பா உடன் வந்திருந்தார். அவரை அறைக்கு வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். பிரெண்டன் ஸ்மித் என்ற துறவற சபைக் குரு தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைச் சிறுவன் சொன்னான். ஒரு குரு கேட்டார், ஒரு குரு எழுதினார். கேட்ட கேள்விகளில் சில, அந்த வயதுப் பிள்ளையிடம் எவரும் கேட்கக் கூசுபவை.

அவன் தன் கதையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அதே குருவிடம் சிக்கியிருந்த வேறு பிள்ளைகளின் பெயர்களையும் முகவரிகளையும் சொன்னான். இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். ஒரு புலனாய்வு அதிகாரி மாதக் கணக்கில் அலைந்து சேர்க்க வேண்டியதை 14 வயதுப் பிள்ளை ஒரே அமர்வில் கையில் கொடுத்துவிட்டான். அவனுக்குத் தன் துன்பத்தைவிட மற்றப் பிள்ளைகளின் துன்பம் பெரிதாகப் பட்டிருக்க வேண்டும். சொல்லிவிட்டால் நின்றுவிடும் என்று நம்பியிருக்கிறான்.

பிறகு, இதை யாரிடமும் பேசமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். அவன் கையெழுத்திட்டான்.

எழுதியது ஆயரிடம் போனது. அவர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. அந்தக் குருவின் பணி அனுமதிகளை நீக்கினார்; மனநல சிகிச்சைக்கு அறிவுறுத்தினார்; அவருடைய மடத்துத் தலைவருக்குத் தெரிவித்தார். அன்றைய திருச்சபை நடைமுறையில் செய்ய வேண்டியதைச் செய்தார். அந்தப் பட்டியலில் இருந்த வீடுகளின் கதவை மட்டும் யாரும் தட்டவில்லை. அந்தப் பெற்றோர்களுக்குச் சொல்லவில்லை. காவல்துறைக்குச் சொல்லவில்லை. ஸ்மித் அதன் பிறகும் பல ஆண்டுகள் பிள்ளைகளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்.

அன்று குறிப்பெடுத்த குரு திருச்சபைச் சட்டம் படித்தவர். பெயர் ஷான் பிரேடி. பின்னாளில் அயர்லாந்தின் முதன்மைப் பேராயராகவும் 2007-இல் கர்தினாலாகவும் ஆனார். 2010-இல் இந்தச் சங்கதி வெளியே வந்தபோது மன்னிப்புக் கேட்டார். கேட்டதை எழுதி ஆயரிடம் ஒப்படைப்பது என் பொறுப்பு, அதைச் செய்தேன் என்பது அவருடைய விளக்கம். நான் அதை அப்படியே நம்புகிறேன். என்னைக் கலங்கடிப்பதும் அதுதான். அந்த அறையில் கொடியவர் எவரும் இல்லை. ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருந்தவருக்குச் சொன்னார்கள், அவ்வளவே.

2. வெளியே வந்ததும் உள்ளே திரும்பியது

மேலே போன செய்தி தங்கியது சரி. தப்பித்தவறி வெளியே விழுந்த செய்தி என்ன ஆயிற்று?

1960-இல் டப்ளின் குரு ஒருவர் படச்சுருளைக் கழுவ இங்கிலாந்துக்கு அனுப்பினார். மருத்துவமனையில் இருந்த சிறுமிகளை அவர் எடுத்த படங்கள் அவை. அங்குள்ளவர்கள் ஸ்காட்லாந்து யார்டுக்குத் தகவல் கொடுத்தார்கள். அவர்கள் அயர்லாந்துக் காவல்துறையின் ஆணையருக்கு அனுப்பினார்கள். ஆணையர் என்ன செய்தார்? வழக்குப் பதியவில்லை. டப்ளின் பேராயர் ஜான் சார்ல்ஸ் மக்வெய்டின் கையில் விஷயத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பெண் உடல் பற்றிய அறியாமையால் எழுந்த ஆவல் என்று குரு சொன்னதைப் பேராயர் ஏற்றுக்கொண்டு, ஒரு மருத்துவரிடம் அவரை அனுப்பிவைத்தார்.

அதே ஆண்டு, அதே மருத்துவமனையில் அதே குருவின் கையில் அகப்பட்ட இன்னொரு சிறுமி மேரி காலின்ஸ். அப்போது அவருக்கு 13 வயது. 1985-இல் முதல்முறையாகத் தம் பங்கின் உதவிப் பங்குத்தந்தையிடம் சொன்னார். அவர் அந்தக் குருவின் பெயரைக் கேட்க விரும்பவில்லை. தவறு உன் பேரிலும் இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். பத்தாண்டுகள் கழித்து மீண்டும் முயன்றார். 1997-இல்தான் தண்டனை கிடைத்தது. மேரி காலின்ஸின் பெயரை மனத்தில் வையுங்கள். கடைசியில் அவரிடம் திரும்ப வருவேன்.

காவல்துறையின் மிக உயர்ந்த அதிகாரிகள் சிலர், குருக்கள் தங்கள் எல்லைக்கு உட்பட்டவர்கள் அல்லர் என்றே கருதினார்கள் என்று டப்ளின் மறைமாவட்டத்தைப் பின்னாளில் விசாரித்த ஆணையம் எழுதியது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பழக்கம் சொல்லியது. நம் ஊரில் சாமியார் மீது புகார் என்றதும் காவல் நிலையத்தில் எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “மொதல்ல ஆயர் இல்லத்துல பேசிப் பாருங்களேன்” என்றால், அது எங்கிருந்து வருகிறது என்பதை இதைப் படித்தபோது புரிந்துகொண்டேன்.

3. துர்மாதிரிகை

நம் பழைய கத்தோலிக்கத் தமிழில் ஓர் அருமையான சொல் இருக்கிறது: துர்மாதிரிகை. என் பாட்டி அதை அடிக்கடி சொல்வார். ஆலயத்தில் கதை பேசினால் துர்மாதிரிகை. நோன்பு நாளில் கறிக்குழம்பு வாசனை தெருவுக்கு வந்தால் துர்மாதிரிகை. பிறர் விசுவாசம் இடறுவதற்குக் காரணமாக நடப்பது என்பது பொருள். நற்செய்தியில் இந்த இடறலைப் பற்றிய மிகக் கடுமையான பேச்சு சிறு பிள்ளைகளை முன்னிட்டே வருகிறது: அவர்களை இடறச் செய்கிறவனுக்கு எந்திரக்கல்லும் கடலும்தான் மேல் என்று.

டப்ளின் மறைமாவட்டத்தை விசாரித்த நீதிபதி இவான் மர்பியின் ஆணையம் 2009 நவம்பர் 26 அன்று வெளியான தன் அறிக்கையில், பேராயர் இல்லம் எவற்றைப் பெரிதாகக் கருதியது என்று வரிசைப்படுத்தியது: இரகசியம் காத்தல், துர்மாதிரிகையைத் தவிர்த்தல், திருச்சபையின் பெயரைக் காத்தல், சொத்தைக் காத்தல். பிள்ளைகள் அதற்கெல்லாம் பின்னால். சொல் தலைகீழாகிவிட்டதைக் கவனியுங்கள். நற்செய்தியில் இடறல் என்பது பிள்ளைக்கு நேர்வது. பேராயர் இல்லத்தில் இடறல் என்பது அது நாலு பேருக்குத் தெரிவது.

1975 முதல் 2004 வரையான காலத்தை அந்த ஆணையம் ஆராய்ந்தது. 46 குருக்களை மாதிரியாக எடுத்துக்கொண்டது. அவர்கள் மீது புகார் சொன்ன பிள்ளைகள் 320-க்கும் மேல். “எங்களுக்கு அப்போது விவரம் தெரியாது, கற்றுக்கொண்டிருந்தோம்” என்ற விளக்கத்தை ஆணையம் ஏற்கவில்லை. ஏற்காததற்கு ஒரு கணக்குப்பிள்ளையின் ஆதாரமும் இருந்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் இழப்பீடு கட்ட வேண்டி வந்தால் என்ன செய்வது என்று 1987-இல் மறைமாவட்டம் காப்பீடு எடுத்திருந்தது. அதற்குள் குறைந்தது 17 குருக்கள் மீதான புகார்கள் அடுத்தடுத்து வந்த மூன்று பேராயர்களின் காலத்தில் வந்து சேர்ந்திருந்தன. வெள்ளம் வரும் என்று தெரியாதவன் வெள்ளக் காப்பீடு எடுக்கமாட்டான்.

இரண்டு சிறு செய்திகளை இதோடு சேர்க்கிறேன்; நான் மொழி ஆசிரியன், என்னால் விட முடியவில்லை.

ஒன்று, சாவி. திருச்சபைச் சட்டத்தின் 489, 490 எண்கள் ஒவ்வோர் ஆயர் இல்லத்திலும் ஓர் இரகசிய ஆவணக் காப்பகம் இருக்க வேண்டும் என்கின்றன. அதன் சாவி ஆயரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்கின்றன. எல்லா மறைமாவட்டத்துக்கும் இது பொது, நம்முடையதற்கும். இரகசியக் கோப்பு வைப்பதில் தவறில்லை; மருத்துவமனையும் வைக்கிறது. ஆனால் சாவி ஒன்று, கை ஒன்று என்றால், அந்தக் கைக்குரியவர் கோழையாக இருக்கும் நாளில் பிள்ளைகளுக்கு வேறு கதவு இல்லை.

மற்றொன்று, வினைமுற்று. டப்ளின் பேராயராக இருந்த கர்தினால் டெஸ்மண்ட் கானல், மறைமாவட்ட நிதியிலிருந்து இழப்பீடு கொடுக்கப்படுவதில்லை என்று பேட்டி அளித்திருந்தார். இழப்பீட்டுக்காகக் குரு ஒருவருக்கு அந்த நிதியிலிருந்து கடன் போயிருந்தது. பொய் சொன்னீர்களா என்று கேட்டபோது, நான் நிகழ்காலத்தில் சொன்னேன், இறந்தகாலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்ற கருத்தில் விளக்கினார். ‘கொடுப்பதில்லை’ என்றார், ‘கொடுத்ததில்லை’ என்று சொல்லவில்லை. மனத்துக்குள் ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறு பாதியை வாயால் சொல்வது பொய்யாகாது என்று அறநெறி இறையியலில் பழைய கோட்பாடு ஒன்று உண்டு. வகுப்பில் காலம் காட்டும் இடைநிலைகளை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அவற்றுக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று எண்ணியதில்லை.

4. கதவை உடைத்தவர்கள்

இதை விரைவாகக் கடக்கிறேன். உள்ளே இருந்து யாரும் கதவைத் திறக்கவில்லை. 1994 அக்டோபரில் அல்ஸ்டர் தொலைக்காட்சி ஸ்மித்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. வட அயர்லாந்துக் காவல்துறை அவரை ஒப்படைக்கும்படி கேட்டு அனுப்பிய ஆணை டப்ளினில் மாதக் கணக்கில் தூங்கியது தெரியவந்தது. அந்த விவகாரத்தில் நவம்பரில் பிரதமர் ஆல்பர்ட் ரேனல்ட்ஸின் அரசே கவிழ்ந்தது. 1999-இல் மேரி ராஃப்டரி என்ற பத்திரிகையாளர், துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளி விடுதிகளைப் பற்றித் தொடர் எடுத்தார். அரசு மன்னிப்புக் கேட்டது. 2005-இல் ஃபெர்ன்ஸ் மறைமாவட்டத்து அறிக்கை, 2009 மே மாதம் விடுதிகள் பற்றிய ரையன் அறிக்கை, அதே நவம்பரில் நான் சொன்ன மர்பி அறிக்கை. பாதிக்கப்பட்டவர்கள், கேமரா, நீதிபதி என்ற வரிசையில் உண்மை வெளியே வந்தது. திருச்சபையின் பெயர் வரிசையில் கடைசி.

5. நல்ல காகிதம்

இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. அருள்தந்தையர் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

அயர்லாந்து ஆயர்கள் 1996-இல் ஒரு வழிகாட்டு ஆவணம் கொண்டுவந்தார்கள். நல்ல ஆவணம், காலத்துக்கு முந்தியது என்றுகூடச் சொல்வேன். புகார் வந்தால் அரசு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது தெளிவாக எழுதியது. அதாவது, செய்தியை முதல்முறையாக வெளிநோக்கித் திருப்பியது.

1997 ஜனவரியில் டப்ளினில் இருந்த திருப்பீடத் தூதர், குருக்களுக்கான உரோமைப் பேராயத்தின் கருத்தை ஆயர்களுக்குக் கடிதமாக எழுதினார். கட்டாயம் தெரிவித்தல் என்பதில் அறநெறி, திருச்சபைச் சட்டம் இரண்டின் பார்வையிலும் கடும் தயக்கங்கள் உண்டு, உங்கள் ஆவணம் ஓர் ஆய்வுக் குறிப்பு மட்டுமே என்பது அதன் சாரம். தடை என்று அதில் இல்லை. ஆனால் தயங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. 2011-இல்தான் அந்தக் கடிதம் பொதுவெளிக்கு வந்தது.

அடுத்து குளோய்ன் மறைமாவட்டம். அங்கே ஆயர் ஜான் மகீ. மூன்று திருத்தந்தையருக்குச் செயலராக இருந்தவர். 1996-க்குப் பிறகு, அந்த வழிகாட்டு ஆவணம் நடைமுறையில் இருந்த காலத்தில், கட்டாயம் காவல்துறைக்குப் போயிருக்க வேண்டிய புகார்கள் 15. அவற்றில் 9 போகவே இல்லை என்று 2011 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை கண்டது. குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பைக் கவனித்த மூத்த குரு, விதிமுறைகள் வறட்டுத்தனமானவை என்று எண்ணினார்; மேய்ப்பனுக்குரிய பரிவுடன் கையாள வேண்டும் என்றார். பரிவு என்ற சொல்லின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அங்கே அது ஒரு பக்கமாகவே பாய்ந்தது: தெரிந்த சக குருவின் பக்கம், தெரியாத பிள்ளையைத் தாண்டி.

அதே அறிக்கையில் இன்னொன்று. புகாருக்கு உள்ளான குரு ஒருவரைச் சந்தித்ததைப் பற்றி ஆயர் இரண்டு குறிப்புகள் எழுதினார். ஒன்றில் அந்தக் குரு ஒப்புக்கொண்டார், மற்றொன்றில் மறுத்தார். ஒப்புக்கொண்டது உரோமைக்குப் போனது. மறுத்தது மறைமாவட்டக் கோப்பில் ஏறியது. மேலே போகிற செய்தி உண்மை, நாளை நீதிமன்றம் கேட்டால் எடுத்துக் காட்டுகிற செய்தி பொய். திசையைப் பற்றி நான் சொல்வதற்கு இதைவிடச் சான்று கிடைக்காது.

இந்தக் குளறுபடியை வெளிக்கொண்டுவந்தவர் யார்? அயர்லாந்து ஆயர்களே 2006-இல் ஏற்படுத்திய தேசியப் பாதுகாப்பு வாரியத்தின் தலைமை அலுவலர் இயன் எலியட். அவர் பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். சமூகநலப் பணியிலிருந்து வந்தவர். ஆயரின் மோதிரத்தை முத்தமிட்டு வளர்ந்தவர் இல்லை. குளோய்ன் நடைமுறைகள் போதாதவை, சில இடங்களில் ஆபத்தானவை என்ற முடிவுக்கு அவர் வந்தார். 2008 டிசம்பரில் அது வெளியிடப்பட்டது. ஆயர் முதலில் ஒதுங்கினார், 2010-இல் பதவி விலகினார்.

1996-இன் காகிதமும் 2008-இன் காகிதமும் ஏறக்குறைய ஒரே செய்தியைச் சொன்னவை. இரண்டாவதற்கு வெளியார் கண் ஒன்று இருந்தது. கண்டதை அச்சிட்டு வெளியிடும் வழக்கமும் இருந்தது. வித்தியாசம் அதில்தான்.

6. பங்கில் என்ன மாறியது

அந்த வாரியம் மறைமாவட்டங்களையும் துறவற சபைகளையும் தணிக்கை செய்து அறிக்கைகளை வெளியிட்டது. ஒவ்வொரு பங்கிலும் பொதுநிலையினரிலிருந்து பாதுகாப்புப் பிரதிநிதிகள். ஆலய முகப்பில் அவர்கள் பெயரோடு காவல்துறை, அரசுக் குழந்தை நல முகமை ஆகியவற்றின் தொலைபேசி எண்கள். பூசை உடுப்பு மாற்றும் அறையில் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது. பீடச்சிறுவர்க்குப் பெற்றோர் ஒப்புதல் படிவம், வருகைப் பதிவேடு. பிள்ளைகளோடு பணி செய்ய வருபவர் குருவானாலும் பாடகர் குழுத் தலைவியானாலும் காவல்துறைச் சரிபார்ப்பு. அதற்கான 2012-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நடைமுறைக்கு வந்தது. 2017 டிசம்பர் முதல், குருக்கள் உட்படப் பல பணியாளர்கள் அரசு முகமைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

இந்தப் பட்டியல் சலிப்பூட்டுகிறது இல்லையா? சலிப்பூட்டத்தான் வேண்டும். மின்சாரப் பெட்டியில் ஃப்யூஸ் போடுவது போன்ற வேலை இது; புனிதர் யாரும் தேவையில்லை.

இதற்கு விலையும் இருந்தது. குருக்கள் பலர் பிள்ளைகளைக் கண்டால் ஒதுங்கிப் போகத் தொடங்கினார்கள். குற்றமற்றவர் மீதும் பழி விழுந்தது. 2011-இல் அயர்லாந்து அரசுத் தொலைக்காட்சி ஒரு குருவின் மீது, ஆப்பிரிக்காவில் பணியாற்றியபோது சிறுமியைக் கெடுத்துக் குழந்தைக்குத் தகப்பன் ஆனவர் என்று ஒளிபரப்பியது. மரபணுச் சோதனை அவர் தகப்பன் அல்லர் என்று காட்டியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு கொடுத்தது. ஒழுங்குமுறை ஆணையம் 2,00,000 யூரோ அபராதம் விதித்தது. இதை ஏன் சொல்கிறேன்? முறையான புகார், முறையான விசாரணை, முறையான பதிவு இவை இருக்கும் இடத்தில் குற்றமற்ற குருவும் பிழைக்கிறார். எல்லாவற்றையும் மூடி வைத்த இடத்தில், நல்லவரும் கெட்டவரும் ஒரே சந்தேகத்தின் கீழ் வாழ வேண்டி வருகிறது.

7. நம் வீட்டில்

இனி நம் கதைக்கு வருகிறேன்.

உரோமையிலும் மாற்றம் வந்தது. 2019 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி’ என்ற சட்டம், குருக்களும் துறவியரும் புகாரை ஆயரிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. ஒவ்வொரு மறைமாவட்டமும் மக்கள் எளிதில் அணுகக்கூடிய புகார் ஏற்பாட்டை உண்டாக்க வேண்டும் என்றது. புகார் சொல்பவரிடம் மௌனம் காக்கும்படி நிபந்தனை விதிக்கக் கூடாது என்றும் எழுதியது. 1975-இல் அந்தப் பையன் போட்ட கையெழுத்துக்கு 44 ஆண்டுகள் கழித்து வந்த பதில் அது. அந்த ஆண்டு டிசம்பரில் இத்தகைய வழக்குகளுக்குத் திருப்பீட இரகசியம் பொருந்தாது என்றும் அறிவித்தார்.

ஆனால் கூர்ந்து பாருங்கள். இந்தப் புதிய சட்டத்திலும் கட்டாயம் என்பது மேல்நோக்கியே: குருவிடமிருந்து ஆயருக்கு, ஆயரிடமிருந்து உரோமைக்கு. வெளியே காவல்துறைக்கு என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தின் பொறுப்புக்கு விடப்பட்டிருக்கிறது. நாட்டுச் சட்டம் கேட்டால் உண்டு.

நம் நாட்டுச் சட்டம் கேட்கிறது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்திருப்பதாக அறிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. எவரும் என்றால் எவரும்: சமையல்காரர், விடுதி வார்டன், மறைக்கல்வி டீச்சர், ஆயர். 21-ஆம் பிரிவின்படி சொல்லாமல் விட்டவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் பணி செய்பவரின் குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. சமய நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்கே பிள்ளையைக் கெடுத்தால், அது கடுமையான வகைக் குற்றம். பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்று 23-ஆம் பிரிவு காக்கிறது. குடும்ப மானம் போகுமே என்று அஞ்சும் பெற்றோருக்கு முதலில் இந்தப் பிரிவைத்தான் சொல்ல வேண்டும்.

பாவசங்கீர்த்தனம் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். 19-ஆம் பிரிவில் அதற்கென விலக்கு எழுதப்படவில்லை. திருச்சபைச் சட்டத்தில் பாவசங்கீர்த்தன இரகசியத்தின் முத்திரையை உடைக்க இடமில்லை. இந்த முடிச்சை நான் அவிழ்க்கப் போவதில்லை. ஆனால் நான் படித்த அயர்லாந்து அறிக்கைகளில், செய்தி பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அடைபட்டதால் பிள்ளைகள் கெட்டார்கள் என்பது மையக் கதை அல்ல. வரவேற்பறையில், மேசைக்கு எதிரே, தேநீரோடு சொல்லப்பட்ட செய்திகள்தான் அலமாரிக்குள் போயின.

சட்டம் இருந்தும் ஏன் சொல்வதில்லை? இதற்கு அயர்லாந்துப் பாடம் நேரடியாகப் பொருந்துகிறது. அங்கே அந்நாளில் பங்குத்தந்தைதான் ஊர்ப் பள்ளியின் மேலாளராக இருந்தார். இங்கே பங்குத்தந்தைதான் பள்ளித் தாளாளர். என் மகளுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும் என்றால், என் மனைவியின் ஆசிரியர் பணி அவர் கையெழுத்தில் இருக்கிறது. மூத்தவனின் கல்லூரி இடத்துக்கு அவர் கடிதம் வேண்டும். என் அப்பாவைக் கல்லறையில் எந்த வரிசையில் வைப்பது என்பதுகூட அவர் சொல்ல வேண்டியது. விடுதியில் இலவசமாகத் தங்கிப் படிக்கும் பிள்ளையின் வீட்டுக்கோ இதில் பாதி பலமும் இல்லை. “சாமியார் அப்படிச் செய்வாரா?” என்பது விசுவாசக் கேள்வி போல ஒலிக்கும். பல நேரம் அது சோற்றுக் கேள்வி.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. நம் மாநிலத்து மறைமாவட்டம் ஒன்றிலிருந்து அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் பணிக்குப் போன குரு ஒருவர், அங்கே சிறுமியிடம் குற்றம் செய்ததை 2015-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். திரும்பி வந்த பின், 2016-இல் அவர் மீதான இடைநீக்கம் விலக்கப்பட்டது. உரோமையைக் கலந்துதான் விலக்கினோம் என்றார்கள். மேலே கேட்டார்கள். பங்கு மக்களைக் கேட்டார்களா?

மேரி காலின்ஸிடம் திரும்புகிறேன். 2014-இல் சிறார் பாதுகாப்புக்கான திருப்பீட ஆணையத்தில் அவரை உறுப்பினராக்கினார்கள். 2017 மார்ச் 1 அன்று அவர் விலகினார். அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று, பாதிக்கப்பட்டவர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் போட வேண்டும் என்ற சிறிய கோரிக்கைக்கே உரோமை அலுவலகம் ஒன்று இணங்கவில்லை என்பது. 57 ஆண்டுகள் கழித்தும் அவர் கேட்டது ஒரு பதில் கடிதம்.

எனக்குத் தெரிந்த பங்கு ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன், பாதுகாப்புக் கொள்கை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்று உபதேசியார் பெருமையாகச் சொன்னார். பார்க்கலாமா என்றேன். ஆங்கிலத்தில் இருக்கிறது, பீரோவில் இருக்கிறது, சாவி சாமியாரிடம் இருக்கிறது, சாமியார் தியானத்துக்குப் போயிருக்கிறார் என்றார். நான் சிரித்துவிட்டேன், அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

பிறகு அந்தப் பங்குப் பேரவை மறைக்கல்வி டீச்சர்களின் நச்சரிப்பால் ஒரு வேலை செய்தது. ஆலயத்து அறிவிப்புப் பலகையில், திருமண ஓலைகளுக்கும் பூசைக் கருத்துகளுக்கும் நடுவே, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் காவல் நிலைய எண்ணையும், பங்கைச் சேராத ஒரு வழக்கறிஞர் அம்மாவின் எண்ணையும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து நற்கருணை வகுப்புப் பிள்ளை ஒருத்தி டீச்சரிடம், “மிஸ், அது எங்களுக்குன்னு சொன்னீங்க, எங்களுக்கு எட்டவே இல்லையே” என்றாளாம். பலகை பெரியவர் உயரத்தில் இருந்தது. மறு ஞாயிறு அந்தத் தாளை மட்டும் கழற்றி, தீர்த்தத் தொட்டிக்குக் கீழே சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் குனிந்துதான் படித்தேன்.

இப்போது உங்கள் கேள்விகள்.